புள்ள வந்த நாளு

இக்கட்ட உக்காருங்க அம்மிணி. இந்தப் பக்கம், இந்தப் பக்கம். அந்தக் காது எனக்குக் கேக்காதுங்க. இருவத்திரெண்டு வருசம் போர்வெல் வண்டில ஓடுனவன் நானு. கம்ப்ரசர் சத்தம் ஒரு காத எடுத்துக்கிச்சு, இன்னொண்ண எனக்குன்னு உட்டு வெச்சிருக்குது. இந்தச் சேரு பேனுக்கு நேரா இருக்குது பாருங்க, வயித்துப்புள்ளக்காரி வேக்காட்டுல உக்காரக் கூடாது. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணோணும். அந்தா பதினாலாம் நம்பர் ரூமு தெரியுதுங்களா? அங்கிருந்து அர்த்தநாரின்னு கூப்புட்டாச் சொல்லுங்க. அது என்ர பேருதான்.

என்ன சீக்குன்னு கேட்டீங்களா? கேக்கலீங்களா. கேட்டீங்கன்னு நெனச்சேன்.

சீக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அம்பத்தாறு வயசாச்சு, சக்கரை இல்ல, பிரசரு இல்ல. அந்த ரூமுல ஜெசிந்தா மேடம்னு ஒருத்தரு இருக்கறாங்க. டாக்டர் இல்லீங்க, பேச்சுக் குடுக்கறவங்க. கவுன்சிலிங்னு போர்டுல போட்டிருக்குது பாருங்க. உங்க வயசுதான் இருக்கும். என்ர புள்ள வயசு. அவுங்களப் பாக்கத்தான் வந்தேன். இது மூணாவது வாட்டி. இதோட முடிஞ்சுதுங்க. மூணே வாட்டிதானாம், அதுக்கு மேல கெடையாதாம்.

எதுக்குப் பேச்சுக் குடுக்கறாங்கன்னு சொல்லிப்போடறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நானு கஞ்சா குடிக்கறவன். மெல்லத்தான் சொல்றேன், அந்தம்மா திரும்பிப் பாக்குது. பயப்படாதீங்க அம்மிணி. சாராயம் ஒரு சொட்டுத் தொட்டதில்ல. பீடி கெடையாது. ஆரு வம்புக்கும் போனதில்ல. சத்தங்காட்டாம பொட்டாட்ட என்ர ஊட்டுல உக்காந்து ஒண்ணு இழுப்பேன், பொட்டாட்ட இருப்பேன். வடக்க, மலங்காட்டுல வண்டி கெடக்கும். ஊட்ட விட்டுப் போனா ஒம்பது மாசம். பேச்சுத் தொணைக்கி ஆளில்ல, பாறையும் தூசியுந்தான். அங்க பழகுனது. அதுனால ஆருக்கு என்ன கெட்டுப்போச்சு சொல்லுங்க பாக்கலாம்? ஒருத்தருக்கும் ஒண்ணும் கெடல.

ஆரம்பம் எப்பிடின்னா, நாலு மாசத்துக்கு முன்னால ஜல்லில வண்டி சறுக்கி உளுந்துட்டேன். இந்தா பாருங்க, முழங்கைல ஏழு தையலு. கட்டுப் போட்டுக்கிட்டு வெளிய வாரேன், படிக்கற புள்ளைக ரெண்டு பேரு காகிதத்த வெச்சுக்கிட்டு வாரவங்க போறவங்களயெல்லாம் கேள்வி கேக்குதுக. 'அய்யா, பீடி உண்டா, தண்ணி உண்டா, பாக்கு உண்டா'ன்னு. ஒவ்வொண்ணுக்கும் இல்லீங்க, இல்லீங்கன்னே சொல்லிட்டு வாரேன். கடேசியா 'கஞ்சா?'ன்னுச்சு. 'தெனமும்'னேன். எழுதிக்கிட்டிருந்த புள்ளைக்கிப் பேனா நின்னு போச்சுங்க!

ஏன் நெசத்தச் சொன்னேன்னு எனக்கே தெரியல. ஒருத்தரும் கேட்டதில்லீங்களே இத்தன வருசமா. கேட்டாங்க, சொல்லிட்டேன்.

அந்தப் புள்ளைக என்னைய இந்த ரூமுல கொண்டாந்து உட்டுச்சுக. எனக்கு உள்ளுக்குள்ள கடுப்பு. விட்டுத் தொலைன்னு சொல்லப்போறாங்க, நம்ம பதிலுக்கு நாலு போடோணும்னு வாயில எடுத்து வெச்சுக்கிட்டே போயி உக்காந்தேன். அந்த மேடம் என்ன சொன்னாங்க தெரியுங்களா? 'நீங்க வைத்தியம் வேணும்னு கேட்டு வரல. விடுங்கன்னு நான் சொல்லப்போறதுமில்ல. போலீசுக்குப் போகாது, ஊட்டுக்குப் போகாது. அரைமணி நேரம் பேசலாம், அடுத்த வாரம் ஒரு அரைமணி, மூணு மாசம் கழிச்சு ஒருக்கா. அவ்வளவுதான்'னாங்க. சண்டைக்கின்னு போனவனுக்கு எதிர்ல ஆளே இல்லாத மாதிரி ஆயிருச்சுங்க.

அப்பறம் ஒரு காகிதத்த எடுத்தாங்க. காலண்டராட்டக் கட்டம் கட்டமா, மூணு மாசத்துக்கு. குடிச்ச நாளுக்குப் பெருக்கல் குறி போடோணும், குடிக்காத நாளுக்கு வட்டம். 'எப்பிடிங்க மேடம் நாவகம் இருக்கும்?'னேன். அதுக்கு ஒரு வழி இருக்குதாம். அன்னிக்கி என்ன விசேசம், ஆரு ஊட்டுக் கல்யாணம், ஆரு எழவு, ஊட்டுக்கு எந்த ஒறம்பரை வந்தாங்க, அதைய மொதல்ல எழுதிக்கோணுமாம். அதப் புடிச்சுக்கிட்டே போனா நாளு நாவகத்துக்கு வந்துருமாம். எல்லாருக்கும் அப்பிடித்தான் வருமாம்.

பேனாவப் புடிச்சுக்கிட்டு உக்காந்தேன் அம்மிணி. ஒண்ணும் வரல.

என்ர நாவகத்தக் கொறை சொல்ல முடியாதுங்க. இருவது வருசத்துக்கு முன்னால எந்த ஊர்ல எந்தக் காட்டுல எத்தனாவது அடில தண்ணி வந்துச்சு, கேளுங்க சொல்றேன். எரநூத்திப் பத்தடில செம்மண்ணு, முந்நூத்தி நாப்பதுல பாறை வெடிப்பு, தண்ணி பீச்சி அடிச்சுச்சு. எல்லாம் மனசுல இருக்குது. ஆனா போன செவ்வாக்கெழம என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. அதுக்கு முந்துன செவ்வாக்கெழம? ஒண்ணும் நடக்கல. கல்யாணத்துக்குப் பத்திரிக்க வந்தாத்தான போறதுக்கு? மூணு மாசத்துல ஊட்டுக்கு வந்தது கரண்டு ரீடிங் எடுக்கற பையன் ஒருத்தன். அவனையும் எழுத முடியுங்களா?

மேடம் பொறுமையாத்தான் உக்காந்திருந்தாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. படக்குனு, 'இந்த ஞாயித்துக்கெழம என்ர புள்ள வந்துச்சுங்க'ன்னு சொல்லிட்டேன்.

சொன்னதும் அவுங்க மூஞ்சி மலந்துச்சு பாருங்க. 'மகளா? பேரென்ன?'னாங்க. கோகிலவாணின்னேன். 'கூட ஆரு வந்தா?' பேத்தி தன்விகா, நாலு வயசுன்னேன். 'வந்தா என்ன பண்ணுவீங்க?' கொழந்த சுண்ணாம்புக் கட்டில செவுத்துல கிறுக்கும், நான் திட்ட மாட்டேன், புள்ள வெங்காயம் போட்டுத் தோசை ஊத்தும், எனக்கு ஓரம் முறுகலா வேணும்னு அதுக்குத் தெரியும். அம்மிணி, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன்! ஒரு ஞாயிறு சொன்னவன் பதினொரு ஞாயிறு சொல்லிப்போட்டேன். அன்னிக்கெல்லாம் குடிச்சீங்களான்னு கேட்டாங்க. கொழந்தைய வெச்சுக்கிட்டு எப்பிடிங்க குடிக்கறது? பதினொரு வட்டம் போட்டேன்.

நெசத்துல புள்ள வந்து நாலு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. பேத்திய நான் பாத்ததில்ல. எங்க மச்சினி போன்ல ஒரு போட்டோ காட்டுனா. பேரும் அவ சொல்லித்தான் தெரியும்.

அதுக்குக் காரணம் நீங்க நெனைக்கற மாதிரி கஞ்சா இல்லீங்க. அது வேற சமாச்சாரம். ஏனுங்க, உங்களுக்கு எத்தன மாசம்? ஏழா! கட்டுச்சோறு ஆயிருச்சுங்களா? அடுத்த வாரமா? ஆரு கொண்டாராங்க, அப்பாவா? செரி, செரி. நல்லது.

எம்புள்ளைக்கும் ஏழாம் மாசந்தான். எங்க ஊட்டுக்காரி பூங்கொடி அப்ப இல்லீங்க, புள்ள கல்யாணத்தப் பாத்துட்டு அடுத்த வருசம் போயிட்டா. அதுனால எல்லாம் எந்தலைல. அஞ்சு வகைச் சோறு கட்டிக்கிட்டுப் போயி, அவுங்க ஒறம்பரைக்கெல்லாம் விருந்து வெச்சு, புள்ளையப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டியாரோணும். தலைப்பிரசவம் அப்பன் ஊட்டுலதான? மச்சினிதான் வந்து விடியக்கால எந்திரிச்சு சோறு ஆக்குனா. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு. பொம்பளைக எல்லாம் வேன்ல முன்னால போயிட்டாங்க. சோத்து அண்டாவ நான் கொண்டாறேன்னு ஒரு டாட்டா ஏஸ்ல ஏத்திக்கிட்டு நானே ஓட்டிக்கிட்டுக் கெளம்புனேன். பத்து மணிக்கு அங்க இருக்கோணும்.

வாய்க்காப் பாலத்துக்கிட்ட இஞ்சின் சித்த சூடாயிருச்சுங்க. சூடான வண்டிய ஓட்டலாங்களா? நிறுத்துனேன். நின்ன எடத்துல ஒண்ணே ஒண்ணு இழுத்தேன். சம்பந்தி ஊடு, நாலு பேரு நல்லது கெட்டது கேப்பாங்க, பூங்கொடி இல்லாம ஒத்தையாப் போயி நிக்கோணும். அதுக்குத்தான். ஒரு பத்து நிமிசம் உக்காந்திருப்பேன். தண்ணி ஓடறதப் பாத்துக்கிட்டு. பத்தே நிமிசம்.

நான் போயிச் சேந்தப்ப மணி நாலுங்க.

பந்தல்ல பாதிச் சேர மடக்கிட்டாங்க. ஓட்டல்ல இருந்து பார்சல் வாங்கி ஒறம்பரைய அனுப்பிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா வந்து ஒண்ணுமே கேக்காம தட்டுல காப்பி வெச்சுக் குடுத்தாங்க. அது மருவாதைங்களா, குத்தலுங்களான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல. என்ர புள்ள தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டுக் காலைலருந்து அதே சேர்ல உக்காந்திருக்குது. பூவெல்லாம் வாடிப் போச்சு. அண்டாவத் தொறந்தா தேங்காச்சோறு நூலு உட்டுருச்சு. பங்குனி வெயிலுங்க! தேங்கா வேண்டாம், சீக்கிரம் கெட்டுரும்னு மச்சினிகிட்டத் தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா அவ? அவ பண்ணுனதுக்கு எம்மேல கோபம்.

புள்ள கிட்ட வந்துச்சு. என்ர சட்டையண்ட மூஞ்சிய வெச்சு மோந்து பாத்துச்சு. சின்னதுல நான் ஊர்ல இருந்து வந்தா அப்பிடித்தான் ஓடியாந்து கட்டிக்கும். அந்த நெனப்புல நான் கைய விரிச்சேன். 'சோத்த எறக்க வேண்டாங்ப்பா. அப்பிடியே கொண்டு போயிருங்க. நான் வரல'ன்னுச்சு. சத்தம் போடல, அழுகல. உள்ள போயிருச்சு.

திரும்பி வாரப்ப அதே பாலத்துல நிறுத்திச் சோத்தயெல்லாம் மீனுக்குக் கொட்டுனேன். கொட்டிட்டு இன்னொண்ணு பத்த வெச்சேன். பின்ன என்னுங்க பண்றது? கொழந்த மாமியா ஊட்டுலயே பொறந்துச்சு. எனக்குச் சொல்லி உடல. ஒரு நாளு நேரங்கழிச்சு வந்ததுக்கு நாலு வருசமாங்க அம்மிணி? நாயமாங்க?

கூப்புட்டாங்களா? இல்லீங்களா. செரி.

ரெண்டாவது வாட்டி போனப்ப மேடம் ஒரு தாளு எடுத்துக் காட்டுனாங்க. நூறு ஆம்பளைல இதக் குடிக்கறவங்க எத்தன பேருன்னு கோடு போட்டு வெச்சிருந்தாங்க. எங்க வண்டில எல்லாருமே குடிப்பாங்க, ஊரே குடிக்குதுன்னு நெனச்சிருந்தேன். அந்தக் கோடு நகத்தளவுதான் இருந்துச்சு. அதுல நானொருத்தன். அங்கயும் நான் தனியாத்தான் நிக்கறேன்.

அப்பறம், 'சைபர்ல இருந்து பத்துக்குள்ள, இதைக் கொறைக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?'னாங்க. மூணுன்னேன். ஏன் பத்து இல்லைன்னு கேப்பாங்க, பதிலு தயாரா வெச்சிருந்தேன். அவுங்க, 'ஏன் சைபர் இல்லாம மூணு?'ன்னு கேக்கறாங்க! என்ன கேள்விங்க இது? கடேசில, 'பேத்தி மடில உக்காந்து, அப்பச்சி என்ன நாத்தம்னு கேக்குதுங்க'ன்னேன். மேடம் தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. 'நான் சொல்லல அய்யா, உங்க காகிதமே சொல்லுது. மக வர்ற நாள்ல உங்களுக்கு அது தேவையே படல'ன்னாங்க. மூணு மாசத்துக்குப் புதுக் காகிதம் குடுத்து, அன்னன்னிக்கே குறிச்சுட்டு வரச் சொன்னாங்க.

அவுங்க சொன்னதுக்காக இல்லீங்க. நான் ஒண்ணும் மாறல. ஞாயித்துக்கெழம மட்டும் குடிக்கறதில்ல, அவ்வளவுதான். எப்பிடிக் குடிக்கறது, புள்ள வார நாளு? பொய்யி சொன்னதுக்கு ஒரு மருவாதை வேண்டாங்களா! காலைல எந்திரிச்சு ஊட்டக் கூட்டி, தோசை மாவு வாங்கி வெச்சுருவேன். அப்பறம் பாத்தா சனிக்கெழம குடிச்ச வாசம் மெத்தைல நிக்குது. சனிக்கெழமயும் உட்டேன். சுண்ணாம்புக் கட்டி ஒரு டப்பா வாங்கி சன்னல்ல வெச்சிருக்கறேன். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பேன். இந்த ஒத்தக் காத வெச்சுக்கிட்டு எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியறதில்லீங்க. சாயங்காலம் ஆனா நானே தோசை ஊத்தித் தின்னுட்டுக் காகிதத்துல வட்டம் போட்டு, பக்கத்துல 'புள்ள வந்த நாளு'ன்னு எழுதிருவேன்.

போன வாரம் மேடம் போன் பண்ணுனாங்க. 'மூணு மாசம் ஆச்சு, வாங்க. முடிஞ்சா மகளையும் கூட்டிட்டு வாங்க, நான் அவுங்களுக்கு ஒரு நன்றி சொல்லோணும்'னாங்க.

புள்ள நம்பரு எங்கிட்ட இருக்குதுங்க. ரெண்டு ரிங்கு போகும், நானே கட் பண்ணிருவேன். எடுத்துட்டா என்ன பேசறது?

இன்னிக்கி நெசத்தச் சொன்னா, இவன் புளுகன்னு மேடத்துக்குத் தெரிஞ்சு போகும். இந்த உலகத்துல என்னைய உக்கார வெச்சு அரைமணி நேரம் கேட்டது அவுங்க ஒருத்தருதான். அவுங்க கண்ணுலயும் நான் உளுந்துட்டா, அப்பறம் எனக்கு ஆரு இருக்கறா? அதுனால ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. உங்களப் பாத்ததுல இருந்து நெனச்சுக்கிட்டிருக்கறேன். ஒரு பத்து நிமிசம். எங்கூட உள்ள வந்து உக்காந்தாப் போதும். நீங்க ஒரு வார்த்த பேச வேண்டாம். கோகிலவாணின்னு நானே சொல்லிக்கறேன். உங்களையும் ஒரு அப்பன்...

உங்களத்தாங்க கூப்புடறாங்க. ஸ்கேனுக்கு. போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. பையா? குடுங்க, நான் வெச்சிருக்கறேன். எங்கயும் போக மாட்டனுங்க. இங்கயேதான் இருப்பேன்.

வந்துட்டீங்களா? இந்தாங்க பையி. ஒண்ணும் ஆகல, அப்பிடியே இருக்குது. கொழந்த நல்லா இருக்குதுன்னாங்களா? செரி, செரி. சந்தோசமுங்க. மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க.

நீங்க உள்ள போன நாழிக்கே என்ர பேரக் கூப்புட்டுட்டாங்களாம். எனக்குக் கேக்கல. எதுர்ல இருந்த பெரியவரு கையக் காட்டுனாரு. நான் எந்திரிக்கல. ஒரு பையக் குடுத்துட்டுப் போயிருக்குது ஒரு புள்ள, வந்து பாத்தா ஆளக் காணம்னா எப்பிடி இருக்கும்? அப்பறம் ரெண்டாவது வாட்டியும் கூப்புட்டாங்க. அப்பவும் எந்திரிக்கல. மூணாவதுக்கு மேடமே கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்துட்டாங்க.

மடில உங்க பையி. அந்தக் கொழந்தத் துண்டு வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சுங்களா, அதப் பாத்துட்டாங்க. ஒரே சிரிப்பு. 'மக வந்திருக்காங்களா அய்யா? ஸ்கேனுக்குப் போயிருக்காங்களா? ரெண்டாவதா?'ங்கறாங்க. பாருங்க அம்மிணி, நான் ஒரு வார்த்த சொல்ல வேண்டியதில்ல. சும்மா தலைய ஆட்டுனாப் போதும். எல்லாம் தானா வந்து மடில உக்காந்திருக்குது.

'இல்லீங்க மேடம், இது என்ர புள்ள இல்லீங்க'ன்னுட்டேன். 'என்ர புள்ள வரல. ஒரு நாளும் வந்ததில்லீங்க'ன்னு அதையுஞ் சேத்துச் சொல்லிட்டேன். இத்தன சனத்துக்கு நடுவுல. ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. இந்தப் பையோட கனம் மடில இருந்துச்சு, பொய்யி வரல.

மேடத்துக்குச் சிரிப்பு நின்னு போச்சு. போச்சுடான்னு நெனச்சேன். அப்பறம், 'பை ஆருதுங்கய்யா?'ன்னாங்க. 'தெரியலீங்க, பேரக் கேக்க மறந்துட்டேன்'னேன். 'அவுங்க வரட்டும், குடுத்துட்டு மெல்ல வாங்க. நான் இருக்கறேன்'னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அரைமணி நேரம்ங்கற பேச்சே எடுக்கலீங்க.

நான் மொதல்ல கேட்டத மறந்துருங்க. கேட்டிருக்கப்படாது. உங்கப்பா அடுத்த வாரம் நேரத்துக்கு வந்துருவாரு, கவலைப்படாதீங்க. வெள்ளனே கெளம்பச் சொல்லுங்க. வழில எங்கயும் நிறுத்தாம வரச் சொல்லுங்க. அன்னிக்கி இஞ்சின் சூடாகல அம்மிணி. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு.

செரி, நான் உள்ள போகோணும். பேனா இருந்தா ஒண்ணு குடுங்க. இந்தா பாருங்க, இதுதான் அந்தக் காகிதம். இதுல ஞாயித்துக்கெழம வட்டமெல்லாம் நெசம், பக்கத்துல எழுதுனதெல்லாம் பொய்யி. இன்னிக்கிக் கட்டம் காலியா இருக்குது. பெருக்கலா வட்டமான்னு பொழுது போனாத்தானுங்க தெரியும், அத இப்பச் சொல்ல முடியாது. ஆனா ஆரு வந்தாங்கங்கறத இப்பவே எழுதிரலாம். சொல்லுங்க அம்மிணி, உங்க பேரு என்னுங்க?